வாங்குவோர் கடமையை உணர்த்திய ஜே. சி. குமரப்பா

நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் தமிழ்நாட்டுச் சான்றோர் ஒருவருடைய வாழ்க்கையைச் சுருக்கி வரைவது நெடுநாளைய வழக்கம். பாரதியார், கப்பலோட்டிய சிதம்பரனார், கணித மேதை இராமானுஜன் முதலியோரைப் பற்றி நம் காலனி அன்பர்கள் முன்னரே எழுதிவிட்டனர். இவ்வாண்டு மலர்க் குழுவினர் நம்மை அணுகியபோது, பெயரளவில் பலர் அறிந்தும் வரலாற்றளவில் சிலரே அறிந்த ஒருவரை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினோம். அவ்வெண்ணத்திற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணமாயிற்று.

சென்ற தீபாவளிக்கு முன்னர், குடும்பத்தாருடன் செகந்திராபாத் ஜெனரல் பஜாரில் ஒரு துணிக்கடைக்குச் சென்றிருந்தோம். பள்ளியிறுதி வகுப்பில் படிக்கும் நம் புதல்வி, பச்சை இலைப் படம் அச்சிட்டுச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று எழுதியிருந்த ஆடை ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, இதன் நூல் எங்கே நூற்றது, சாயம் எங்கே தோய்த்தது, அந்தச் சாயநீர் எந்த ஆற்றில் போய் விழுந்தது என்று கடைச் சிப்பந்தியைக் கேட்கலானாள். அவரோ முதலாளியைப் பார்த்தார். முதலாளி விலைச்சீட்டைப் பார்த்தார். அதில் விலை இருந்தது, வேறொன்றும் இல்லை. பார்சல் ஆபீசில் நாள்தோறும் வே-பில் எழுதும் நமக்கு அது விசித்திரமாக இருந்தது. ஒரு கூடை எலுமிச்சம்பழத்திற்குக்கூட அனுப்பியவர் யார், பெறுபவர் யார், எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்திற்கு, எடை எவ்வளவு என்று எழுதாமல் நாம் வண்டியில் ஏற்றுவதில்லை. உடலில் உடுத்தும் துணிக்கு அத்தகைய சீட்டு ஒன்றும் இல்லை. வீடு திரும்பும்போது, இதே கேள்வியை ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே கேட்டு, அதற்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு தமிழர் நினைவுக்கு வந்தார். அவரே ஜே. சி. குமரப்பா.

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில், கல்வியிலும் உத்தியோகத்திலும் சிறந்து விளங்கிய ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தையார் அரசாங்கப் பொதுமராமத்து இலாகாவில் பணியாற்றியவர். அன்னையார் எஸ்தர் அம்மையார் பக்தியும் ஈகையும் நிறைந்தவர். பிள்ளைகள் ஈட்டும் சிறு காசிலும் ஏழைக்கென ஒரு பங்கு ஒதுக்கவேண்டும் என்ற பழக்கத்தை இளமையிலேயே ஊட்டியவர். சென்னை டவ்டன் கல்லூரியில் பயின்றபின், முதல் உலகப் போருக்கு முன்பாகவே செல்லத்துரை இலண்டன் சென்று கணக்குப் பரிசோதகர் தொழிலைக் கற்றுத் தேறினார். அங்கேயே சில காலம் பணியாற்றி, போர் முடிந்தபின் அன்னையின் விருப்பத்திற்கிணங்கத் தாயகம் திரும்பிப் பம்பாயில் ஆடிட்டர் தொழில் நடத்தினார். நடை, உடை, உணவு யாவற்றிலும் அவர் அந்நாளில் முழு ஆங்கிலேயராகவே விளங்கினார் என்று வரலாறு எழுதியோர் கூறுகின்றனர்.

ஆடிட்டர் என்பவர் யார்? ஒரு கம்பெனி தன் கணக்கில் இலாபம் என்று எழுதிவிட்டால் அதை அப்படியே நம்பாதவர். வவுச்சர் எங்கே, சரக்கு எங்கே என்று கேட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் நிற்கும் உண்மையைத் தேடுபவர். குமரப்பாவின் பிற்கால வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு குணத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம் என்பது நம் துணிபு. கம்பெனிக் கணக்கில் கேட்ட கேள்வியை அவர் முதலில் அரசாங்கத்தின் கணக்கிலும், பின்னர் கடைத்தெருச் சரக்கிலும் கேட்டார்.

1927-ல் அவர் அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் சர்வகலாசாலையில் வாணிப நிருவாகத்தில் பட்டம் பெற்று, நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில் பொது நிதி இயலைப் பேராசிரியர் செலிக்மன் என்பாரிடம் பயின்றார். இந்தியா ஏன் வறுமையுற்றிருக்கிறது என்பது பற்றி அவர் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவு பத்திரிகையில் வெளிவர, அதைக் கண்ணுற்ற பேராசிரியர் அதையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளுமாறு பணித்தார். அவ்வாறே பிரிட்டிஷ் ஆட்சியின் வரிகளையும் செலவுகளையும் புரட்டிப் பார்த்த கொர்னேலியசுக்கு, தம் நாட்டு ஏழ்மை விதியின் விளைவன்று, கணக்கின் விளைவே என்பது தெளிவாயிற்று. இலண்டனில் பயின்ற கணக்கு வித்தை அவரை இராஜ விசுவாசியாக்கியிருக்க வேண்டும். அதற்கு மாறாகத் தேசபக்தராக்கிவிட்டது. 1929-ல் தாயகம் திரும்பியவர், குடும்பத்தின் பழைய பெயராகிய குமரப்பா என்பதையே மீண்டும் சூட்டிக்கொண்டார்.

தம் ஆராய்ச்சி நூலை மகாத்மா காந்தியடிகள் பார்வையிட வேண்டும் என விரும்பி, அவ்வாண்டு மே மாதம் 9-ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே வந்துவிட்டமையால், ஆற்றங்கரையில் உலாவினார். அங்கே ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில், ஒரு முதியவர் இராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இராட்டையை அதற்குமுன் கண்டறியாத குமரப்பா, கைத்தடியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார். சில நிமிடங்கள் கழித்து அம்முதியவர் நிமிர்ந்து, நீர்தாம் குமரப்பாவோ என வினவிய பின்னரே, அவர்தாம் காந்தியடிகள் என்பது இவருக்குப் புலனாயிற்று. உடனே, தாம் அணிந்திருந்த பட்டுக் காற்சட்டையின் மடிப்புக் கலைவதையும் பொருட்படுத்தாமல் அச்சாணத் தரையிலேயே அமர்ந்துவிட்டார். யாரோ ஓடிச்சென்று நாற்காலி ஒன்று கொணர்ந்தனர். அவர் அதில் ஏறவில்லை.

அந்தப் பட்டுக் காற்சட்டை நெடுநாள் நீடிக்கவில்லை. காந்தியடிகள் அவருடைய நூலைத் தம் யங் இந்தியா பத்திரிகையில் தொடராக வெளியிட ஒப்பியதோடு, குஜராத்தில் கேடா ஜில்லா மாத்தர் தாலுகாவின் பொருளாதார நிலையை ஆராயும் வேலையையும் அவரிடம் ஒப்படைத்தார். குஜராத்தி மொழி அறியாத, மேல்நாட்டு உடையணிந்த இத்தமிழரால் என்ன ஆகும் என்று வித்யாபீடத்திலேயே ஐயுற்றவர் உண்டு. ஆயினும், மாணவர் துணையுடன் 54 கிராமங்களில் வீடுதோறும் வரவு செலவு கேட்டெழுதி, குடியானவன் உழுது விதைத்து அறுத்தபின் அவன் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதைக் குமரப்பா எண்ணிக் காட்டினார். மிஞ்சியது மிகச் சொற்பம். அதன்பின் அவர் கதரையன்றிப் பிறிது உடுத்தவில்லை. வேட்டியின் எளிமையும் பைஜாமாவின் வசதியும் பொருந்திய ஓர் உடையைத் தாமே வகுத்து, அதற்கு வேடிக்கையாக தோத்திஜாமா என்று பெயரிட்டு வழங்கினார். தைப்பதற்குத் துணி குறைவு, நடப்பதற்குத் தடையில்லை. இலண்டன் தையற்காரரிடம் அளவு கொடுத்தவர் தம் உடையைத் தாமே திட்டமிட்ட இச்செய்தி நமக்கு மிகவும் பிடித்தமானது.

உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது யங் இந்தியாவில் எழுதியதற்காகவும், அதனை நடத்தியதற்காகவும் சிறை புகுந்தார். இந்தியாவுக்கும் பிரிட்டனுக்குமிடையே உள்ள கடன் பாத்தியங்களை ஆராயக் காங்கிரஸ் 1931-ல் அமைத்த குழுவிலும் பணியாற்றினார். 1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் பாழ்படுத்தியபோது, நிவாரண நிதியின் கணக்கை மேற்பார்க்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. துன்புற்ற மக்களுக்கென வந்த பணத்திலிருந்து காந்தியடிகளின் பரிவாரத்துக்கு ஆகும் செலவைக்கூடக் கொடுப்பதற்கில்லை என்று அவர் மறுத்துவிட்டார். மகாத்மா அதைக் கேட்டு வருந்தவில்லை, மகிழ்ந்தார். நம் காலனியில் கோயில் நிதிக்கும் சங்க நிதிக்கும் பொருளாளராக இருந்து பழகியோர் இந்நிகழ்ச்சியின் கடினத்தை நன்குணர்வர்.

அவ்வாண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. கதர் வேலையை 1925 முதல் சர்க்கா சங்கம் கவனித்து வந்தமையால், ஏனைய கிராமத் தொழில்களை மீட்பது இப்புதிய சங்கத்தின் நோக்கமாயிற்று. குமரப்பா அதன் காரியதரிசி. ஜம்னாலால் பஜாஜ் தம் வீட்டையும் தோட்டத்தையும் அதற்கென வழங்கினார். காலஞ்சென்ற மகன்லால் காந்தியின் நினைவாக அவ்விடத்துக்கு மகன்வாடி என்று பெயரிட்டனர். செகந்திராபாத்திலிருந்து காஜிபேட், பல்லார்ஷா வழியாக நாகபுரி செல்லும் அன்பர்கள், வழியில் சேவாகிராம் நிலையத்தைக் கண்டிருப்பர். மகன்வாடி அந்நிலையத்துக்கு அருகே வார்தா ஊரிலேயே உள்ளது.

அங்கே நடந்த வேலைகளை எண்ணினால் வியப்பு மேலிடும். செக்கைத் திருத்தி, மாடு வருந்தாமல் மிகுதியான எண்ணெய் எடுக்க வழி கண்டனர். ஆலையில் தீட்டிய அரிசியில் தவிட்டோடு சத்தும் போய்விடுவதால் பெரிபெரி முதலிய நோய்கள் வருவதை எடுத்துக்காட்டிக் கைக்குத்தல் அரிசிக்குப் பிரசாரம் செய்தனர். பனைவெல்லம் காய்ச்சினர்; தேனீ வளர்த்தனர்; சவர்க்காரம் செய்தனர்; கிழிந்த காகிதத்தையும் கந்தலையும் அரைத்துக் கைக் காகிதம் செய்தனர். மலத்தை எருவாக்கித் தோட்டத்துக்கு இட்டனர். புகை போக்கி வைத்த அடுப்பும், மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் அங்கே உருவாயின. மண்ணெண்ணெய் வேண்டாம் என்பதற்குக் குமரப்பா கூறிய காரணம் கருதத்தக்கது. மண்ணெண்ணெய் பூமிக்குள் ஒருமுறை சேர்ந்த சேமிப்பு. எடுக்க எடுக்கக் குறையும். அதற்காகத் தேசங்கள் சண்டையிடும். வேப்ப எண்ணெயும் புங்க எண்ணெயும் ஆண்டுதோறும் மரம் தருபவை. முன்னதை அவர் தேக்கத்திலிருந்து மொள்ளும் பொருளாதாரம் என்றும், பின்னதை ஓட்டத்திலிருந்து மொள்ளும் பொருளாதாரம் என்றும் பிரித்தார். தஞ்சாவூர்க்காரர் ஆதலின், ஏரியையும் வாய்க்காலையும் அவர் அறிந்திருந்தது இயல்பே. இன்று நாம் உடுத்தும் பாலியெஸ்டர் சட்டை பெட்ரோலியத்திலிருந்து பிறந்தது என்பதையும், அதைத் துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இழைத் துணுக்குகள் பிரிந்து சாக்கடை வழியே நீர்நிலைகளில் சேருகின்றன என்பதையும் எண்ணினால், அவருடைய பிரிவினை துணிக்கும் பொருந்துவது விளங்கும்.

இங்கேதான் நம் கடைத்தெருக் கேள்விக்கு வருகிறோம். ஒரு பொருளை வாங்குபவன் காசைக் கொடுத்தவுடன் தன் பொறுப்புத் தீர்ந்தது என்று எண்ணுகிறான். அது தவறு என்று குமரப்பா வாதித்தார். திருட்டுச் சொத்தென அறிந்தே வாங்குபவன் திருட்டுக்கு உடந்தையாவதுபோல, கொடுமையில் விளைந்த சரக்கை வாங்குபவனும் அக்கொடுமைக்குப் பங்காளியாகிறான் என்பது அவர் கொள்கை. அதற்கு அவர் காட்டிய உதாரணம் ஒரு டின் கோக்கோ. ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய வேலையால் விளைந்து, பாரபட்சமுள்ள போக்குவரத்தால் துறைமுகம் சேர்ந்து, அரைவயிற்றுக் கூலி பெறும் மாலுமிகளால் கடல் கடந்து, இங்கிலாந்துத் தொழிற்சாலையில் குறைந்த கூலிக்குப் பதமாகி, அடிமை நாட்டின்மேல் சுமத்திய சுங்கச் சலுகையால் இந்தியக் கடையில் வந்து அமர்கிறது அந்த டின். அதை வாங்கி மாலையில் கலக்கிக் குடிக்கும் நல்ல மனிதர், இத்தனை பாவங்களையும் அறியாமலே வாங்கிவிடுகிறார். இவ்வளவையும் துப்பறிந்து வாங்குவது தனி மனிதனால் ஆகுமா? ஆகாது என்றே அவரும் ஒப்புக்கொண்டார். ஆதலின், செய்பவனையும் செய்யும் முறையையும் நாம் நேரில் காணக்கூடிய வட்டத்துக்குள் உண்டான பொருளை வாங்குவதே தூய கைகளோடு வாழ ஒரே வழி என்று முடிவு செய்தார். அவருடைய சுதேசி, அயல்நாட்டான்மேல் கொண்ட வெறுப்பன்று. வவுச்சர் இல்லாத சரக்கின்மேல் ஓர் ஆடிட்டருக்கு உண்டாகும் சந்தேகம்.

இக்கொள்கையைக் கொண்டு நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்போமாயின் நிம்மதி கெடும். நம்மில் பெரும்பாலோர் அணியும் பனியன் திருப்பூரில் செய்தது. நம் ஊர்க்காரர்கள் செய்தது என்று பெருமையும் கொள்கிறோம். ஆனால் அப்பனியனின் சாயநீர் நொய்யல் ஆற்றில் கலந்து, கீழ்ப் பகுதிக் குடியானவர்களின் கிணற்றையும் நிலத்தையும் கெடுத்தது. அவர்கள் ஆண்டுக்கணக்காக வழக்காடியபின், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத ஏற்பாடு செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. பருத்தியாவது குற்றமற்றதா என்றால், நம் தெலங்காணாவின் வாரங்கல் பக்கத்தில் 1998-ஆம் ஆண்டையொட்டிப் பூச்சிமருந்துக் கடனில் ஆழ்ந்து, அதே மருந்தைக் குடித்து மாண்ட பருத்தி விவசாயிகளை மறப்பதற்கில்லை. பருத்தி என்று எழுதியிருப்பதால் மட்டும் துணி தூயதாகிவிடாது. பச்சை இலைப் படம் போட்டிருப்பதாலும் ஆகிவிடாது.

குமரப்பாவின் வழியைப் பின்பற்ற ஐதராபாத்தில் வசதி இல்லையென்று சொல்ல முடியாது. வினோபா பாவே 1951-ல் வார்தாவுக்கு அருகிலுள்ள பவுனாரிலிருந்து ஏறக்குறைய 300 மைல் நடந்தே ஐதராபாத்தையடுத்த சிவராம்பள்ளிக்கு வந்து, அங்கிருந்து கிராமங்களுக்குச் சென்று, ஏப்ரல் 18-ஆம் நாள் போச்சம்பள்ளியில் முதல் பூதானம் பெற்றார் என்பது யாவரும் அறிந்தது. அதே போச்சம்பள்ளியில் நூலை முன்னதாகவே கட்டிச் சாயந்தோய்த்து நெய்யும் கைத்தறியாளர்களை, பஸ் ஏறினால் ஒரு முற்பகலில் நேரிலேயே கண்டு வரலாம். நெய்பவர் முகம் தெரியும். எனினும் சாயம் பெரும்பாலும் இரசாயனச் சாயமே என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. மற்றும், மல்மலும் கதரும் சேர்ந்த பெயராக மல்கா என்று வழங்கும் ஒரு துணி முயற்சியும் ஐதராபாத்தைச் சார்ந்து நடைபெற்று வருகிறது. பருத்தியைப் பெரும் பொதிகளாக இறுக அழுத்தி நெடுந்தூரம் அனுப்பாமல், விளையும் இடத்துக்கு அருகிலேயே சிறு ஆலைகளில் நூற்று, கைத்தறியில் நெய்து, இயற்கைச் சாயம் ஏற்றுகிறார்கள். நூற்பதற்கு மின்சாரம் உண்டு. ஆகையால் குமரப்பா முகம் சுளித்திருக்கக்கூடும். ஆனால் கேட்ட கேள்விக்கு அங்கே விடை கிடைக்கிறது.

விலை? அதுதான் முள். நான்கு பேருக்குத் தீபாவளித் துணி எடுக்கும் குமாஸ்தா, ஒருவருக்கு எடுக்கும் பணத்தில் மூவருக்கு எடுக்கக் கூடுமானால் எதை எடுப்பார் என்பது சொல்லாமலே விளங்கும். குமரப்பா மணம் புரியாதவர். தீபாவளி மறுநாள் சம்பளத்துக்கு எத்தனை நாள் உண்டு என்று எண்ணியவரல்லர். இதை அவர்மேல் குறையாகச் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் விடுபட்ட ஓர் இனமாகச் சுட்டுகிறோம். அவரிடமும் ஒரு மறுமொழி உண்டு. மலிவான சரக்கு மலிவானதன்று. அதன் விலையில் ஒரு பகுதியை வேறு யாரோ, கெட்ட கிணற்றாலும் குறைந்த கூலியாலும், நமக்காகக் கட்டிவிட்டார்கள் என்பது அவர் கணக்கு. இதற்கு நம்மிடம் எதிர்வாதம் இல்லை. நம் இல்லத்தில் இப்பொழுது செய்துகொண்டிருப்பது, ஆண்டுக்கு எடுக்கும் உருப்படிகளைக் குறைத்து, எடுப்பதை நீடித்து உழைப்பதாகப் பார்த்து எடுப்பது ஒன்றே. புதல்விக்கு இதில் திருப்தி, புதல்வனுக்கு இல்லை.

நாடு விடுதலையை நெருங்கியபோதும், பெற்றபின்னும், குமரப்பாவுக்குப் பதவிகள் வந்தன; அவர் அவற்றில் நெடுநாள் தங்கவில்லை. ஜவாஹர்லால் நேருவின் தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் அங்கம் வகித்துச் சில மாதங்களிலேயே விலகினார். பெரும் ஆலைகளை நடுவில் வைத்துத் திட்டமிடுவோரிடையே, செக்கையும் தறியையும் நடுவில் வைத்தவருக்கு இடமில்லாதது வியப்பன்று. காங்கிரஸ் விவசாயச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக இருந்து 1949-ல் அளித்த அறிக்கையில், உழுபவனுக்கே நிலம், நிலத்துக்கு உச்சவரம்பு முதலிய யோசனைகளைத் துணிந்து கூறினார். கோபம் சற்று மிகுந்தவர். மனத்தில் பட்டதை யாருடைய முகத்துக்காகவும் மறைக்காதவர். நண்பர்களுக்கே அவரோடு ஒத்துப்போவது எளிதாயில்லை. இரயில் பாதைகள் கிராமத்து மூலப்பொருளைத் துறைமுகத்துக்கு இழுத்துச் செல்லவே போடப்பட்டன என்று காந்தியக் கூட்டத்தார் கூறுவதுண்டு. இரயில்வேயில் சோறுண்ணும் நாம் அவ்விடத்தில் மட்டும் சற்றுச் செவிடாக இருந்துவிடுகிறோம்.

அவருடைய சிறந்த நூல்கள் சிறையில் பிறந்தவை. 1942 போராட்டத்தை ஒட்டி ஜபல்பூர் சிறையில் அடைபட்டிருந்தபோது, இயேசுநாதரின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒன்றும், நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி ஒன்றுமாக இரு நூல்கள் எழுதினார். இரண்டும் 1945-ல் வெளிவந்தன. காந்தியடிகள் அவற்றைப் படித்து மகிழ்ந்து, ஒன்றுக்குத் தெய்வ சாஸ்திர டாக்டர் என்றும், மற்றொன்றுக்குக் கிராமக் கைத்தொழில் டாக்டர் என்றும் பட்டங்களைத் தாமே வழங்கினார். கொலம்பியாவில் படித்தவருக்கு இந்தச் சர்வகலாசாலைப் பட்டமே பெரிதாயிருந்தது.

நிலைத்த பொருளாதாரம் பற்றிய அந்நூலில் உயிரினங்களை உவமையாகக் கொண்டு ஐவகைப் பொருளாதாரங்களை வகுத்துரைக்கிறார். பிற உயிரைக் கொன்றே தான் வாழும் புலி ஒருவகை. தான் நடாத மாமரத்தில் பழம் பறித்துத் தின்னும் குரங்கு ஒருவகை. தன் உழைப்பால் கூடு கட்டிக்கொள்ளும் பறவை ஒருவகை. தன் கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ ஒருவகை. பயன் கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை ஒருவகை. மனிதன் ஐந்துமாக இருக்க வல்லவன். கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவன் இவற்றுள் ஒன்றாகிறான். பிற்காலத்தில் மேல்நாட்டுப் பொருளாதார அறிஞர் ஷூமாக்கர், சிறியதே அழகு என்னும் பொருள்படத் தலைப்பிட்டு 1973-ல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் குமரப்பாவின் கருத்தை எடுத்துக்காட்டியபின், உலகத்தார் பலர் இத்தஞ்சைத் தமிழரைத் தேடிப் படிக்கலாயினர்.

அதே நூலில் வாழ்க்கைத் தரம் என்பதைப் பற்றி அவர் எழுதிய பகுதி நம் சங்கத்துக்கு இவ்வாண்டு மிகவும் வேண்டியதாக இருக்கிறது. உயர்ந்த தரம், தாழ்ந்த தரம் என்று உலகம் சொல்வது உண்மையில் சிக்கலான வாழ்க்கை, எளிய வாழ்க்கை என்னும் வேறுபாடே என்கிறார். மேசை, நாற்காலி, பீங்கான் தட்டு, கத்தி, முள் ஆகியவற்றோடு உண்பது சிக்கலானது. தரையில் அமர்ந்து வாழையிலையில் உண்பது எளியது, ஆனால் தாழ்ந்ததன்று. இலை ஒவ்வொரு வேளையும் புதியது. முன்னொருவர் உண்ட எச்சில் அதில் இல்லை. கழுவும் வேலையும் இல்லை. உண்டபின் எறிந்தால் ஆட்டுக்கு உணவாகிறது. சென்ற ஆண்டு விழா விருந்துக்குப் பின்னர் மண்டபத்தின் பின்புறம் குவிந்து கிடந்த மெழுகுத்தாள் தட்டுகளையும் பிளாஸ்டிக் குவளைகளையும் கண்ட அன்பர்களுக்கு மேலும் விளக்க வேண்டுவதில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் பலவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை இருந்தும், நாம் அவற்றை வாங்கினோம். வாங்கியவர்களுள் நாமும் ஒருவர். இம்முறை மோண்டா மார்க்கெட்டில் வாழையிலை விசாரித்ததில் தட்டைவிடக் கூடுதல் செலவாகும் எனத் தெரிகிறது. மலர் அச்சுக்குப் போகும் வரையில் செயற்குழு ஒரு முடிவுக்கு வரவில்லை. தமிழ்நாட்டரசு 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் தொடங்கியதை நினைத்து, விழாவுக்கு வருவோர் தத்தம் வீட்டு மஞ்சட் பைகளைக் கொணரவேண்டும் என்பது மட்டும் தீர்மானமாயிற்று.

உடல் நலிந்தபின் குமரப்பா தமிழ்நாடு திரும்பினார். மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியில், வேங்கடாசலபதி என்னும் தொண்டர் 1940-ல் நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிலில் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். இரத்த அழுத்த நோய் அவரை வருத்தியது. ஆயினும் தம்மைக் காண வருவோரிடம் மண்ணின் வளத்தைப் பற்றியும், இரசாயன எருவின் கேட்டைப் பற்றியும், உணவுப் பயிருக்குரிய நிலத்தைப் பணப்பயிர் விழுங்குவதைப் பற்றியும் பேசுவதை அவர் விடவில்லை. அக்குடிலில் ஓர் ஏழைக் குடியானவனின் படம் மாட்டியிருந்தது. யார் படம் என வினவுவோரிடம், காந்தியடிகள் தமக்குக் குரு என்றும், இவன் அக்குருவுக்கும் குரு என்றும் விளக்குவாராம்.

1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், மதுரை மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 68. விடுமுறையில் மதுரைப் பக்கம் செல்லும் நம் காலனிக் குடும்பத்தார், திருமங்கலம் வழியாக இராஜபாளையம் போகும் பஸ்ஸில் ஏறிக் கல்லுப்பட்டியில் இறங்கினால் அந்த ஆசிரமத்தைக் காணலாம். வடக்கே செல்வோர் சேவாகிராமில் இறங்கி வார்தாவுக்குப் போனால், 1938 டிசம்பர் 30-ஆம் நாள் காந்தியடிகள் திறந்துவைத்த மகன் சங்கிரகாலயம் என்னும் கிராமத் தொழிற் காட்சிசாலையையும் பார்த்துவரலாம். நாம் இன்னும் வார்தாவில் இறங்கியதில்லை. அவ்வழியே வண்டியில் எத்தனையோ முறை கடந்து சென்றிருக்கிறோம். வரும் கோடை விடுமுறைக்குப் பாஸ் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.